கிளட்ச் தண்டில் ஆணி

பழைய தோட்ட டிராக்டரை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்தால், நமக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்ட ஆள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பொறுமைசாலியா, அவசரக்காரரா, கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவரா, எல்லாம் போல்ட்டுத் தலைகளைப் பார்த்தாலே புரியும். மூலைகள் மழுங்கியிருந்தால் சரியான ஸ்பேனரைத் தேட மனமில்லாமல் பிளையரை வைத்துத் திருகியிருக்கிறார். கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலை முடிய வேண்டியிருந்திருக்கிறது. அறுபது வருடத் தேய்மானம் இந்த வண்டிகளில் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. முன்னாள் சொந்தக்காரர்களின் ரிப்பேர்தான் நம் உயிரை வாங்கும்.

தோட்ட டிராக்டர் என்றதும் நம்ம ஊர் உழவு டிராக்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது அதைவிட ரொம்பச் சின்ன வண்டி. ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 7 முதல் 16 குதிரைத்திறன். கோடையில் அடியில் புல்வெட்டி, குளிர்காலத்தில் முன்னால் பனி தள்ளும் பலகை, தோட்டம் போடுகிறவர்களுக்குப் பின்னால் ஒற்றைக் கலப்பை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் நகரத்தை விட்டு வெளியே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மனைகளுக்குக் குடிபோனார்கள். அந்த மனைக்குப் பண்ணை டிராக்டர் பெரிது, கையால் தள்ளும் புல்வெட்டி சிறிது. நடுவில் இருந்த அந்த இடத்தில்தான் இந்த வண்டிகள் முளைத்தன.

நான் இருப்பது விஸ்கான்சினில், மில்வாக்கிக்குப் பக்கம். இந்தப் பைத்தியம் பிடிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது. வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர். தோட்ட டிராக்டர் செய்த சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் இரண்டு கம்பெனிகளும் அங்கேதான் இருந்தன. வடமேற்கில் ஹோரிகானில் ஜான் டியர் தன் முதல் தோட்ட டிராக்டரான 110-ஐ 1963-இல் கொண்டுவந்தது. இன்னும் வடக்கே ஷெபாய்கனுக்குப் பக்கத்தில் கோலர் என்ற ஊர். குளியலறைக் குழாய்களில் பார்க்கும் அதே கோலர்தான். தொட்டியும் பீங்கானும் செய்த அந்தக் கம்பெனி எஞ்சினும் செய்தது. 1960-களின் தோட்ட டிராக்டர்களில் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது கோலரின் கே வரிசை எஞ்சின்தான்.

என்னிடம் இருப்பது மட்டும் விஸ்கான்சின்காரன் இல்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் கப் கேடட் 122, கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் செய்தது, 1960-களின் நடுப்பகுதி. அந்தத் தொழிற்சாலையில் 1947 முதல் ஃபார்மால் கப் என்ற சிறிய பண்ணை டிராக்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்கும் கீழே ஒன்று வேண்டும் என்று 1961 மாடலாக வந்ததுதான் முதல் கப் கேடட், 7 குதிரைத்திறன். வரிசை எண்ணை 501-லிருந்து தொடங்கினார்கள். என் வண்டியில் இருப்பது கே301 எஞ்சின், 12 குதிரைத்திறன், கிட்டத்தட்ட 476 சிசி. நம்ம ஊர் 350 புல்லட்டைவிடப் பெரிய ஒற்றை பிஸ்டன். அது மெதுவாக ஓடும்போது அடிக்கும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும்.

இந்த எஞ்சினின் அழகு என்னவென்றால், மறைக்க எதுவுமே இல்லை. வார்ப்பிரும்பு பிளாக். வால்வுகள் தலையில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. அதனால் ஹெட் என்பது வெறும் தட்டையான அலுமினிய மூடி. போல்ட்டுகளைக் கழற்றித் தூக்கினால் பிஸ்டனும் வால்வும் கரியும் கண்ணெதிரே. ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சின்னக் கரண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி உள்ளெல்லாம் வாரி இறைக்கும். அவ்வளவுதான் எண்ணெய் ஏற்பாடு. அதனாலேயே எண்ணெய் மட்டம் கொஞ்சம் இறங்கினாலும், வண்டி சரிவில் ரொம்ப நேரம் சாய்ந்து நின்றாலும் கரண்டிக்கு எண்ணெய் எட்டாது. ராடு அலுமினியம். தனி பேரிங் இல்லாமல் நேராக கிராங்கிலேயே சுற்றுகிறது. எண்ணெய் இல்லையென்றால் பிடித்துக்கொண்டு முறியும், முறிந்தது பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். தினமும் ஓட்டுவதற்கு முன் குச்சியை எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் இந்த எஞ்சின் நம்மிடம் கேட்கிற மரியாதை.

சரி, ஸ்டார்ட் ஆகாத வண்டி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தவுடன் எஞ்சினைப் பிரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். முதலில் காற்றுக்கூண்டு தகரத்தைக் கழற்றுங்கள், ஃபிளைவீலைச் சுற்றி இருக்குமே, அது. பழைய கொட்டகையில் கிடந்த வண்டி என்றால் உள்ளே எலிக்கூடு நிச்சயம். பஞ்சு, வைக்கோல், கிழிந்த இருக்கைத் துணி, ஓக் மரக் கொட்டை எல்லாம் சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே திணித்து வைத்திருக்கும். காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே போகாது. இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்து, நன்றாக ஓடுகிறதே என்று ஒரு மணி நேரம் புல் வெட்டினால் நல்ல எஞ்சினும் வெந்துபோகும்.

அப்புறம் நெருப்பு, அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி. பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல: பாயிண்ட், கண்டென்சர், காயில். பாயிண்ட் என்பது திறந்து மூடித் தீப்பொறியை வரவழைக்கும் சின்ன ஸ்விட்ச். கோலரில் அது எஞ்சினுக்கு வெளியே ஒரு சின்ன மூடிக்குக் கீழே இருக்கிறது. கேம் தண்டிலிருந்து ஒரு குச்சி வந்து அதைத் தள்ளித் திறக்கும். பல வருடம் சும்மா கிடந்தால் பாயிண்ட் முகத்தில் மெல்லிய படலம் படிந்து மின்சாரம் போகாது. உப்புத்தாளால் தேய்க்காமல், கொஞ்சம் கெட்டியான அட்டையை நடுவில் விட்டு இழுத்தாலே பெரும்பாலும் போதும். இடைவெளி 20 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, சுமார் அரை மில்லிமீட்டர். அதைவிடத் துல்லியமாக வேண்டுமென்றால் ஃபிளைவீலில் எஸ் என்று ஒரு குறி இருக்கும், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 டிகிரி முன்னால். பாயிண்ட்டுக்கு மீட்டரை மாட்டிக்கொண்டு கையால் ஃபிளைவீலைச் சுற்றினால், அந்தக் குறி எஞ்சினில் இருக்கும் பார்வைத் துளைக்கு நேராக வரும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். இது சரியாக அமைந்த எஞ்சினும் அமையாத எஞ்சினும் வேறு வேறு வண்டி மாதிரி ஓடும்.

கார்புரேட்டரில் வருகிற சண்டை பெரும்பாலும் பெட்ரோலால் வருவது. இங்கே பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், குளிர்காலம் முழுக்கக் கிண்ணத்தில் கிடந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பிடித்ததுபோல் ஆகிவிடும். எங்கள் பக்கம் எத்தனால் கலக்காத பெட்ரோல் சில பங்க்குகளில் கிடைக்கிறது. டிராக்டருக்கு அதைத்தான் வாங்குகிறேன். கார்புரேட்டர் சரியில்லை என்றதும் இணையத்தில் இருபது டாலருக்குக் கிடைக்கும் நகலை வாங்கிப் போட்டுப் பழையதைக் குப்பையில் எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊறவைத்து, துளைகளில் மெல்லிய கம்பி விட்டு, புது ஊசியும் கேஸ்கெட்டும் போட்டால் பழையதே இன்னொரு தலைமுறைக்கு ஓடும். த்ராட்டில் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் ஆடினால் அந்த இடுக்கு வழியாகக் காற்று உறிஞ்சும், எஞ்சின் ஒரே வேகத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். அதற்கும் தேய்ந்த துளைக்குள் புஷ் என்ற புது வளையத்தை அடித்துச் சரிசெய்ய வழி இருக்கிறது.

ஸ்டார்ட்டர் விஷயம் தனி வேடிக்கை. இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒரே உருளை, பெல்ட்டில் எஞ்சினோடு கட்டியிருக்கும். சாவியைத் திருப்பினால் பேட்டரியைத் தின்று எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பிடித்ததும் வேலை மாறி பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கும். அது மந்தமாகச் சுற்றினால் எல்லாரும் முதலில் புது பேட்டரி வாங்குவார்கள். என் வண்டியோடு வந்த பேட்டரியும் புதிதுதான். கோளாறு எர்த் ஒயரில் இருந்தது. துருப்பிடித்த சட்டத்தின் மேல் பெயிண்ட்டோடு சேர்த்து முடுக்கியிருந்தார் முன்னவர். இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி மாட்டினேன், ஜம்மென்று சுற்றியது. கூடவே விளக்குக் கம்பியாக அவர் இழுத்திருந்த பழுப்பு நிற ஒயரையும் பிடுங்கிப் போட்டேன். மேஜை விளக்குக்குப் போடுகிற ஒயர் அது.

இனி அந்த ஆணி.

கியர் வைத்த கப் கேடட்டில் எஞ்சின் முன்னால், கியர்பெட்டி பின்னால். நடுவில் கால்களுக்கு இடையே ஒரு சுரங்கத்துக்குள் நீளமான தண்டு ஓடுகிறது. கிளட்ச் அந்தத் தண்டின் முன்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது: இரண்டு அழுத்தத் தட்டுகளுக்கு நடுவே ஒரு உராய்வுத் தட்டு, பின்னால் கனமான ஸ்பிரிங், மூன்று விரல் கொண்ட விடுவிப்பு நெம்பு. இதையெல்லாம் தண்டோடு பிடித்து வைப்பவை சுருட்டிய எஃகுத் தகட்டால் செய்த ரோல் பின்கள். துளைக்குள் அடித்து இறக்கினால் விரிந்து இறுக்கிக்கொள்ளும், துளை முழுவதும் நிறைந்து நிற்கும். என் வண்டியில் கிளட்சை விட்டால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, அப்புறம் ‘டங்’கென்று குதித்துக் கிளம்பும். சுரங்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், கியர்பெட்டி இணைப்பில் ரோல் பின்னுக்குப் பதில் ஒரு ஆணி. மரத்தில் அடிக்கிற சாதாரண ஆணி. முனையை மடக்கியும் விட்டிருந்தார், விழுந்துவிடக் கூடாதாம்.

ஆணி மெத்து இரும்பு. துளையைவிட ஒல்லி. ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் 12 குதிரைத்திறனும் அந்த ஆணியை அறுக்கப் பார்க்கும். அறுபடவில்லையென்றால் ஆணி துளையைத் தின்னும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவம் ஆகியிருந்தது. இனி சரியான பின்னை வாங்கிப் போட்டாலும் நிற்காது. கடைசியில் இணைப்புக் குழாயைப் புதிதாக வாங்கினேன். தண்டில் இருந்த துளையைத் தெரிந்த ஒரு லேத்துக்காரர் ஒரு அளவு பெரிதாக்கிக் கொடுத்தார், அதற்கேற்ற பின். மறுபடி பூட்டும்போது விடுவிப்பு நெம்புக்கும் பேரிங்குக்கும் நடுவே 50 தவ் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் பேரிங் ஓயாமல் சுற்றிச் சீக்கிரம் செத்துப்போகும். எச்சரிக்கை ஒன்று: அந்தக் காலத்து உராய்வுத் தட்டுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கம்ப்ரஸரால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஆணி அடித்தவரைத் திட்டித் தீர்த்த பிறகு ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அந்த ஆணி இல்லையென்றால் அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஏதோ ஒரு சனிக்கிழமை, புல் பாதி வெட்டியிருக்கும்போது பின் அறுந்திருக்கிறது. மனிதர் தச்சு டப்பாவைத் தேடியிருக்கிறார். அதே ஆள், அல்லது அவருக்கும் முந்தியவர், எஞ்சின் மூடியின் உள்பக்கம் பென்சிலால் எண்ணெய் மாற்றிய தேதிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எஞ்சின் இன்றைக்கும் புகையாமல் ஓடுகிறது என்றால் அந்தப் பென்சில்தான் காரணம். அதன் மேல் பெயிண்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை, அடிக்கவும் இல்லை.

இன்னொரு இடம், எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம். புல்வெட்டிக்குப் பெல்ட் ஓட்டும் கிளட்ச் எஞ்சினின் முன்மூக்கில் இருக்கிறது. அதைக் கிராங்கோடு பிடித்து வைப்பவை கிரப் ஸ்க்ரூ என்ற தலையில்லாத சின்ன ஸ்க்ரூக்கள், மூன்று துளைகளில். ஆலன் கீயைப் போட்டு மூன்றையும் கழற்றிவிட்டு இழுத்தால் வராது. சுத்தியல், இழுத்துக் கழற்றும் புல்லர், சூடேற்றக் காஸ் தீ என்று ஆட்கள் ஒவ்வொரு படியாக ஏறிப்போவார்கள். புல்லி உடையும், சில சமயம் கிராங்க் முனையும் போகும். விஷயம் என்னவென்றால் ஒவ்வொரு துளையிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூக்கள். மேலே இருப்பது கீழே இருப்பதைப் பூட்டி வைக்கிறது. மூன்றைக் கழற்றிய பிறகு அதே துளைகளில் இன்னும் மூன்று காத்திருக்கும். கம்பெனியின் சர்வீஸ் புத்தகம், ஜிஎஸ்எஸ்-1464 என்று தேடினால் கிடைக்கும், அதைப் படித்தவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கோலர் எஞ்சினுக்கு டிபி-2379. இரண்டையும் அச்செடுத்து எண்ணெய்க் கையோடு புரட்ட வசதியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வீடியோக்களைவிட இவற்றை நம்பலாம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டியரிங் தளர்ந்திருந்தது, பெட்டியில் உள்ள குமிழ் தேய்ந்திருந்தால் அதைத் திருப்பிப் போட்டு இறுக்கினால் பாதி சரியாகும், முன் அச்சின் நடு பின்னை மாற்றினால் மீதி. கியர்பெட்டிக்கு ஹை-டிரான் என்ற எண்ணெய். உள்ளே இருந்தது பால்காப்பி நிறத்தில், அதாவது தண்ணீர் போயிருந்தது.

பின் சக்கரங்களைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பனி தள்ளவும் உழவும் எடை வேண்டும் என்பதற்காக டயருக்குள் திரவம் நிரப்புவது இங்கே வழக்கம். சாதாரணத் தண்ணீர் உறைந்துவிடும், எனவே அந்தக் காலத்தில் கால்சியம் குளோரைடு கரைசல் விட்டார்கள். மலிவு, கனம், உறையாது. ஆனால் வால்வு ஓரம் ஒரு சொட்டு கசிந்தால் ரிம்மை அரித்துத் தள்ளிவிடும். என் வண்டியின் ஒரு ரிம்மைச் சுரண்டச் சுரண்டத் துரு ஏடு ஏடாக வந்தது, கடைசியில் விரல் மறுபக்கம் போனது. இப்போது பலரும் பீட்ரூட் வகைச் சாறு நிரப்புகிறார்கள், வேடிக்கை இல்லை, சர்க்கரை பீட் ஆலையின் மிச்சத்திலிருந்து வருவது. கனமாக இருக்கிறது, உறைவதில்லை, இரும்பைத் தின்பதும் இல்லை. பஞ்சரானால் கராஜ் முழுக்கப் பாகு.

துரு நீக்க நான் செய்வது மின்பகுப்பு. வாளியில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்துக்கு, நேர்முனை ஏதாவது பழைய இரும்புத் துண்டுக்கு. மறுநாள் காலையில் துரு கருப்புச் சேறாகக் கழன்றுவிடும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் கூடவே கூடாது, அதிலிருந்து வரும் குரோமியம் நச்சு. ஹைட்ரஜனும் வரும், திறந்த வெளியில் செய்யுங்கள்.

பெயிண்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி மணலடித்து, மஞ்சளும் வெள்ளையும் கண்ணாடி மாதிரி அடித்து, கண்காட்சிக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைவேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டி அதற்கப்புறம் மண்ணில் இறங்காது, கீறல் விழுந்துவிடுமே என்று சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். இளவேனிலில் நடக்கும் உழவு நாள்களுக்குப் போய்ப் பாருங்கள். யாரோ ஒரு விவசாயி வயலை விட்டுக்கொடுப்பார், வரிசையாகத் தோட்ட டிராக்டர்கள் பத்து அங்குலக் கலப்பையை மாட்டிக்கொண்டு சால் ஓட்டும். அங்கே பெயிண்ட் உதிர்ந்த வண்டிகள்தான் நேராக உழும்.

மில்வாக்கியில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரெண்டாயிரம் டாலருக்குப் புதுசே கிடைக்குது அண்ணே. எதுக்கு இந்த இரும்போட மல்லுக்கட்டுறீங்க?”

“அதுல கலப்பை மாட்ட முடியுமாப்பா?” என்றேன்.

“நீங்க எங்க உழப் போறீங்க?”

அதற்குப் பதில் இல்லை, என்னிடம் இருப்பது ஒரு தக்காளிப் பாத்தியும் கொஞ்சம் கத்தரியும்தான். ஆனால் கேள்வி நியாயமானது. அந்த விலைக்கு வரும் புது வண்டி மெல்லிய தகட்டுச் சட்டத்தில் நிற்கிறது, புல் வெட்டுவதற்கு மட்டும் செய்தது. அந்த வகை வண்டிகள் பலவற்றின் பின்னால் இருக்கும் கியர்பெட்டியில் எண்ணெய் மாற்றத் துளைகூட இருக்காது. போனால் மொத்தமாக மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு புது வண்டியே வந்துவிடும். கப் கேடட் எடை கிட்டத்தட்ட 300 கிலோ. தேய்கிற ஒவ்வொரு பாகமும் தனியாகக் கழலும், தனியாகக் கிடைக்கும். நேரம்தான் செலவு. நேரம் இல்லாதவர்கள் புதிதே வாங்கட்டும், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஒன்று வாங்கிப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால் சில விஷயங்கள். விற்கிறவரிடம் நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் தகராறு செய்கிறது என்று அர்த்தம். ஓடும்போது நீல நிறப் புகை எப்போதாவது வந்தால் பரவாயில்லை, நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் மாற்றுகிற வேலை. முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டுங்கள். பின் ரிம்மின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். சுரங்கத்துக்குள் டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள். புல்வெட்டி மேடையும் பனிப் பலகையும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், தனியாக வாங்கப் போனால் வண்டி விலையைத் தாண்டிவிடும். புதுப் பெயிண்ட் அடித்த வண்டிக்கு மட்டும் நூறு டாலர் குறைத்தே கேளுங்கள். அதற்கடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் சுரண்டிப் பார்க்கப் போகிறீர்கள்.